விபூதிப் புதனில் வாசித்த அறிவித்தல்

உங்கள் தொழிற்சாலைக்குப் புகைத்தல் கொள்கை ஒன்று எழுதி, "பார்த்துத் திருத்தித் தாங்கோ" என்று எனக்கு அனுப்பியிருந்தீர்கள். பார்த்தேன். திருத்தப் பெரிதாக ஒன்றுமில்லை. நான் அந்தக் காலத்தில் எழுதியதை விட நன்றாகத்தான் இருக்கிறது. ஆனாலும் கையெழுத்து வைத்து ஒட்டுவதற்கு முன்னால், ஒரு பிளேன்ரீ குடிக்கிற நேரம் எனக்குத் தாருங்கள். நான் எழுதிய கொள்கை நாற்பது நாட்கள் நூற்றுக்கு நூறு வெற்றி பெற்றது. அந்த வெற்றியால் ஒரு மனிதரின் வேலை போகப் பார்த்தது. இன்றைக்கும் அந்த விஷயத்தில் பாதி எனக்கு விளங்கவில்லை. விளங்கிய பாதியைச் சொல்கிறேன்.

அப்போது நான் தலைமன்னார் வீதியில் இருந்த ஒரு நண்டுத் தொழிற்சாலையில் நிர்வாக அலுவலர். படகுகள் கொண்டுவருகிற நண்டை அவித்து, உடைத்து, சதையைப் பொதிசெய்து வெளிநாட்டுக்கு அனுப்புகிற இடம். உடைக்கிற அறையில் பெண்கள். அவிக்கிற இடத்திலும் குளிரறையிலும் ஐஸ் மெசினிலும் ஆண்கள். பெரும்பாலானவர்கள் தீவின் கத்தோலிக்கக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். தீவைத் தரையோடு இணைக்கிற பாலத்துக்கு அந்தப் பக்கம், வயல் ஊர்களிலிருந்து பஸ்ஸில் வருகிற சைவர்கள் என்று நானும் இரண்டு மூன்று பேரும்தான். வரவு இடாப்பு, லீவு, சண்டை சச்சரவு எல்லாம் என் மேசைக்குத்தான் வரும். எல்லாரும் "மிஸ்" என்று கூப்பிடுவார்கள். அந்த நாட்களில் எனக்கு என்னைப் பற்றி மிக நல்ல அபிப்பிராயம் இருந்தது.

ஐஸ் அறைக்குப் பின்னால் ஒரு சுவர். ஆண்கள் அந்தச் சுவரோடு நின்றுதான் சிகரெட் பற்றுவார்கள். சுவருக்கு இந்தப் பக்கம் நண்டு உடைக்கிற அறை. முதலில் முறைப்பாடு கொண்டுவந்தவர் அந்த அறையின் மேற்பார்வையாளர் றெஜினா அக்கா.

"மிஸ், எங்களில ஒருத்தரும் பத்திறேல்லை. ஆனா சோளகம் தொடங்கினா எங்கட அறைக்க வாற காத்தெல்லாம் அவையின்ர புகைதான். வயித்தில பிள்ளையோட ரெண்டு பேர் இருந்து வேலை செய்யினம்."

நான் எழுதிக்கொண்டேன். அவர் போகவில்லை.

"இன்னொண்டு. அவை பத்தப் போனாப் பத்து நிமிசம் வெளியில நிக்கினம். எங்களுக்கு அந்தப் பத்து நிமிசமும் இல்லை. அதையும் எழுதுங்கோ."

அதை நான் எழுதவில்லை. அது வேறு விஷயம் என்று நினைத்தேன்.

பிறகு, நண்டு வாங்குகிற கம்பனியிலிருந்து பரிசோதனைக்கு வந்த ஒருவர் வடிகானில் கிடந்த சிகரெட் கட்டையைப் படம் எடுத்தார். எடுத்துவிட்டுப் போய்விட்டார். தலைமைக் கந்தோரிலிருந்து எங்கள் முகாமையாளருக்கு அழைப்பு வந்தது, முகாமையாளர் என்னை அழைத்தார், நான் உட்கார்ந்து எழுதினேன். வேலிக்குள் புகைக்கக்கூடாது. சாப்பாட்டு நேரத்தில் புகைக்கிறவர்களுக்குக் கேற்றுக்கு வெளியே ஒரு தகரக் கொட்டில். மீறினால் முதலாவது எச்சரிக்கை எழுத்தில், இரண்டாவது முறை வேலை இடைநிறுத்தம், மூன்றாவது முறை வேலைநீக்கம். இதுவரைக்கும் பிழை ஒன்றுமில்லை.

எல்லாரையும் ஒன்றாகக் கூட்டி வாசிக்க ஒரு நாள் வேண்டும். வேலை முறை மாறி மாறி வருகிற இடத்தில் அது லேசில்லை. நாட்காட்டியைப் பார்த்தேன். விபூதிப் புதன் அன்றைக்குக் கத்தோலிக்கர்கள் காலைப் பூசைக்குப் போய் நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு எல்லாரும் ஒரே நேரத்தில் பிந்தித்தான் வருவார்கள். அதனால் அந்த நாளைத் தெரிவு செய்தேன். என் கெட்டித்தனத்தை மெச்சிக்கொண்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

முற்றத்தில் வைத்து உரத்து வாசித்தேன். அவர்கள் நெற்றியில் சாம்பல், என் நெற்றியில் வழக்கம்போல் திருநீறு. சண்டை வரும் என்று தயாராக நின்றேன். முக்கியமாகச் சந்தியோகு அண்ணைக்குப் பயந்தேன். அவர்தான் ஐஸ் மெசின் பார்ப்பவர். அந்தத் தொழிற்சாலையில் முதல் ஐஸ் கட்டி விழுந்த நாளிலிருந்து இருப்பவர். ஒரு சிகரெட் முடிய முன்னமே அதிலிருந்து அடுத்ததைப் பற்றவைக்கிறவர். அவர் கையைக் கட்டிக்கொண்டு கடைசி வரி வரைக்கும் கேட்டார்.

"நல்ல காரியம், மிஸ். செய்வம்" என்றார்.

மற்றவர்களும் தலையாட்டினார்கள். பின்வரிசையில் ஒருவர் சிலுவை அடையாளம்கூடப் போட்டார். ஒரு கந்தோர் அறிவித்தலுக்கு ஏன் சிலுவை அடையாளம் போடவேண்டும் என்று ஒரு கணம் குழம்பினேன். பயத்தில் போட்டிருப்பார் என்று நானே ஒரு பதிலைச் சொல்லிக்கொண்டேன்.

அடுத்த நாள் சுவரடியில் ஒரு கட்டை இல்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. ஒரு வாரம், இரண்டு வாரம், ஒருவரும் பற்றவில்லை. வேலிக்குள்தான் நான் தடை போட்டது. வெளியே கொட்டிலுக்கும் ஒருவரும் போகவில்லை. நண்டு ஏற்றுகிற லொறிச் சாரதி எங்கள் பக்கத்து வயல் ஊர்க்காரர், சைவர். அவரும் நிறுத்திவிட்டார். கேட்டேன். "எல்லாரும் விட்டிட்டு நிக்கேக்க நான் மட்டும் ஊதினா வெக்கமாக் கிடக்கு மிஸ்" என்றார். இதையும் என் எழுத்தின் சக்தி என்று கணக்கில் எடுத்தேன்.

ஒன்று மட்டும் எனக்கு விளங்கவில்லை. பத்து மணிக்கும் மூன்று மணிக்கும் ஆண்கள் வழக்கம்போல் அந்தச் சுவரடிக்குப் போனார்கள். கையில் ஒன்றுமில்லை. சும்மா நின்றார்கள். பத்து நிமிடம் நின்றுவிட்டு உள்ளே வந்தார்கள். யன்னலால் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு, புகைக்கப் போகிறவன் புகைக்காமல் ஏன் போய் நிற்கிறான் என்று தெரியவில்லை. போய்க் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்காததற்குக் காரணம், நான் அப்போது அறிக்கை எழுதிக்கொண்டிருந்தேன்.

நான்கு பக்க அறிக்கை. "தெளிவான தொடர்பாடல்" என்று ஒரு தலைப்பு வேறு. தலைமைக் கந்தோருக்குத் தலைகால் தெரியாத சந்தோஷம். மற்றத் தொழிற்சாலைகளுக்கும் அதைப் பிரதி எடுத்து அனுப்பினார்கள். பிறகு ஒரு கடிதம் வந்தது. ஒருவரும் புகைக்காத இடத்தில் கொட்டில் எதற்கு, அதைச் சைக்கிள் நிறுத்த எடுங்கள். எச்சரிக்கைப் படிகள் எதற்கு, இனிப் பிடிபட்டால் உடனே வேலைநீக்கம் என்று மாற்றுங்கள். நான் ஒரு கேள்வியும் கேட்காமல் மாற்றி, கையெழுத்து வைத்து, அறிவித்தல் பலகையில் ஒட்டினேன். இந்த முறை கூட்டி வாசிக்கவில்லை. எல்லாரும்தான் விட்டுவிட்டார்களே. பலகைக்கு முன்னால் நின்று ஒருவரும் வாசித்ததாக எனக்கு ஞாபகமில்லை.

உயிர்த்த ஞாயிறு வந்தது. திங்கள் லீவு. செவ்வாய் காலை தலைமைக் கந்தோரிலிருந்து ஒரு அதிகாரி எங்கள் சாதனையைப் பார்க்க வந்தார். முகாமையாளரும் நானும் அவரை ஐஸ் அறைப் பக்கமாகக் கூட்டிக்கொண்டு போனோம். சுவருக்கு மேலால் புகை வந்துகொண்டிருந்தது.

மூலையைத் திரும்பினால் ஏழு பேர். எல்லார் கையிலும் சிகரெட். சிரித்துக் கதைத்துக்கொண்டு நின்றார்கள். புது முகத்தைக் கண்டதும் ஆறு பேர் கீழே போட்டு மிதித்தார்கள். சந்தியோகு அண்ணை மட்டும் என்னைக் கண்டு முகம் மலர்ந்து, சிகரெட்டோடு இரண்டு எட்டு முன்னால் வந்தார்.

"உயிர்த்த ஞாயிறு வாழ்த்துக்கள், மிஸ். உங்களுக்குக் கேக் கொண்டந்தனான், மேசையில வைச்சிருக்கு."

"என்ன அண்ணை இது?" என்று கேட்டேன்.

அவர் கையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஏன் மிஸ், நாப்பது நாள் முடிஞ்சுது தானே."

"என்ன நாப்பது நாள்?"

"தவக்காலம்."

"அப்ப நான் வாசிச்ச அறிவித்தல்?"

"அதும் தவக்காலத்துக்குத் தானே? விபூதிப் புதனில தானே வாசிச்சனீங்கள்."

அவர் விளையாடவில்லை. என்னைப் போலவே அவரும் குழம்பிப்போய் நின்றார். அதிகாரி ஆங்கிலத்தில் முகாமையாளரிடம் ஏதோ கேட்டார், முகாமையாளர் என்னைப் பார்த்தார். ஏழு பேரில் கையில் சிகரெட்டோடு நின்றவர் ஒருவர்தான். மதியத்துக்கு முன் சந்தியோகு அண்ணை வீட்டுக்கு அனுப்பப்பட்டார். வேலைநீக்கக் கடிதம் பின்னால் வரும் என்று சொல்லி அனுப்பினார்கள். அந்தக் கடிதத்தைத் தட்டச்சு செய்ய வேண்டியவள் நான்.

றெஜினா அக்காவைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவர் கதவைச் சாத்திவிட்டுக் கதிரையில் இருந்தார்.

"உங்களுக்குத் தெரியாதோ மிஸ்? விபூதிப் புதன் தொடங்கி உயிர்த்த ஞாயிறு மட்டும் தவக்காலம், அதில எங்கட ஆம்பிளையள் குடியை, சிகரெட்டை விடுறவை. ஒறுத்தல் எண்டு சொல்லுவம். வருசா வருசம் ரெண்டு மூண்டு பேர்தான் விடுவினம். இந்த முறை நீங்கள் அதே நாளில வாசிச்ச உடன எல்லாரும் விட்டிட்டினம். பங்குச் சுவாமி பிரசங்கத்திலயும் சொன்னவர், வேற சமயத்துப் பிள்ளை ஒண்டு எங்களை ஒறுத்தல் செய்யச் சொல்லிக் கேட்டிருக்கு, நாங்கள் அந்தப் பிள்ளையின்ர சொல்லைக் காப்பாத்த வேணும் எண்டு."

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. நான் கம்பனிக்காக எழுதியதை அவர்கள் எனக்காகவும் தங்கள் ஆண்டவருக்காகவும் செய்திருக்கிறார்கள். தவக்காலம் வருகிறது என்று எனக்குத் தெரியும். மரக்கறி சாப்பிடுவார்கள், ஒருசந்தி என்று ஒருநேரம் மட்டும் சாப்பிட்டு இருப்பார்கள் என்றெல்லாம் தெரியும். இது தெரியாது. அத்தனை வருடம் ஒரே கூரையின் கீழ் வேலை செய்தும் தெரியாது.

முகாமையாளர் பொல்லாதவர் இல்லை. ஆனால் அதிகாரி போனபிறகு அவருக்கு மேலே கத்தி தொங்கியது.

"கையெழுத்து வையுங்கோ மிஸ். ஒருத்தரை அனுப்பினா மற்றவை தானா நிப்பாட்டுவினம்."

"சேர், விதி மாறினது அவருக்குத் தெரியாது."

"பலகையில இருந்தது தானே?"

"இருந்தது."

"பிறகென்ன?"

நாளைக்குத் தருகிறேன் என்று சொல்லிக் கடிதத்தை லாச்சிக்குள் வைத்துப் பூட்டினேன். சந்தியோகு அண்ணைக்கு ஐம்பது தாண்டிவிட்டது. கடலுக்குத் திரும்பிப் போக முழங்கால் விடாது. வேலைநீக்கக் கடிதத்தோடு போகிறவரை வேறு ஐஸ் மெசினுக்கும் எடுக்க மாட்டார்கள். அன்று பின்னேரம் தலைமைக் கந்தோருக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதினேன். நாற்பது நாள் அவர்கள் புகைக்காமல் இருந்ததற்குக் காரணம் என் கொள்கை இல்லை, தவக்காலம். நான் விசாரிக்காமல் அறிக்கை எழுதிவிட்டேன். அந்த அறிக்கையை வைத்து மாற்றிய விதியில் ஒருவரை நீக்குவது நியாயமில்லை. அந்த நான்கு பக்கத்தை விட இந்த ஒரு பக்கம் எழுதத்தான் கூட நேரம் எடுத்தது. பிரதியைப் பார்த்த முகாமையாளர், "உங்கட தலையில நீங்களே மண்ணள்ளிப் போடுறியள்" என்றார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

பதில் வர ஒன்பது நாள் எடுத்தது. அந்த ஒன்பது நாளும் முகாமையாளர் காலையில் ஒருமுறை "கடிதம்?" என்று கேட்பார். "நாளைக்கு, சேர்" என்பேன். உங்களுக்குச் சொல்கிறேன், எங்கள் வேலையில் சில நேரம் ஒரு கடிதத்தை அனுப்பாமல் வைத்திருப்பதற்குத்தான் கூடத் துணிவு வேண்டும்.

சந்தியோகு அண்ணை ஒவ்வொரு நாளும் மதியம் கேற்றடிக்கு வருவார். கொட்டிலில், சைக்கிள்களுக்குப் பக்கத்தில் இருப்பார். ஐந்தாம் நாள் நான் வெளியே போனேன். அவர் எழும்பினார்.

"இருங்கோ அண்ணை. ஒண்டு கேக்கவேணும். நாப்பது நாள் விட்டனீங்கள். பிறகேன் தொடங்கினீங்கள்?"

"அது ஆண்டவருக்கு விட்டது, மிஸ்."

"கம்பனிக்கும் விடலாம் தானே."

"கம்பனி கேக்கேல்லையே. பலகையில ஒட்டினது தானே." கோபமாகச் சொல்லவில்லை. "நீங்கள் வாசிச்சது எங்களைப் பாத்து வாசிச்சது. அதான் எல்லாரும் சரி எண்டது."

அப்போதுதான் கவனித்தேன். அவர் வேலிக்கு வெளியே இருக்கிறார், ஒரு விதியும் அவரைத் தடுக்கவில்லை, ஆனால் கையில் சிகரெட் இல்லை.

"இப்ப ஏன் பத்தேல்லை?"

அவர் சுவரடிப் பக்கம் பார்த்தார். "வேலை இல்லாதவனுக்கு என்ன இடைவேளை, மிஸ்?"

கந்தோருக்குத் திரும்பி வந்தேன். வெறுங்கையோடு சுவரடியில் நின்ற ஆண்கள் ஞாபகத்துக்கு வந்தார்கள். அந்தத் தொழிற்சாலையில் ஒரு மனிதன் பத்து நிமிடம் நிமிர்ந்து நிற்கவேண்டும் என்றால் கையில் சிகரெட் இருக்கவேண்டும், இல்லாவிட்டால் வேலையைத் தட்டிக்கழிக்கிறான் என்று பெயர். தவக்காலத்தில் சிகரெட்டை விட்டார்கள், அந்தப் பத்து நிமிடத்தை விடவில்லை. றெஜினா அக்கா என்னிடம் எழுதச் சொன்னதும், நான் எழுதாமல் விட்டதும் அதுதான்.

பத்தாம் நாள் தலைமைக் கந்தோரின் கடிதம் வந்தது. என் பெயருக்கு வந்திருந்தது. உறுதிப்படுத்தாத தகவலை அறிக்கையாக அனுப்பியதற்காக எனக்கு முதலாவது எச்சரிக்கை. சந்தியோகு அண்ணையைப் பற்றி ஒரு சொல் இல்லை. இருபத்தொரு வருட வேலையில் அப்படி ஒரு கடிதம் எனக்கு வந்ததில்லை. அழுகை வந்தது, அழுதேன். மூக்கைத் துடைத்துக்கொண்டு திரும்ப வாசித்தபோதுதான் தலைப்பில் கண் நின்றது. லாச்சியைத் திறந்து மற்றக் கடிதத்தையும் எடுத்துக்கொண்டு முகாமையாளரிடம் போனேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன்.

"சேர், எனக்கு முதலாவது எச்சரிக்கை தந்திருக்கினம்."

"ஓம், பாத்தனான். கவலைப்படாதேங்கோ."

"பெரிய பிழை விட்டது நான். எனக்கு ஒரு முதலாவது படி இருக்கு. அவருக்கு அந்தப் படியை வெட்டினதும் நான்தான். அதைத் திருப்பி வைக்காமல் இதில கையெழுத்து வைக்க என்னால ஏலாது."

"வைக்காட்டி உங்களுக்கு ரெண்டாவது வரும்."

"வரட்டும், சேர்."

அவர் இரண்டு கடிதத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு என்னை வெளியே போகச் சொல்லிவிட்டுத் தொலைபேசியை எடுத்தார். என்ன கதைத்தார் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. அரை மணித்தியாலம் கழித்து வெளியே வந்து, "அந்தாளை நாளைக்கு வரச்சொல்லுங்கோ. எச்சரிக்கைக் கடிதம் ஒண்டு அடியுங்கோ" என்றார்.

மறுநாள் சந்தியோகு அண்ணை என் மேசைக்கு முன் நின்றார். கடிதத்தை நீட்டினேன். வாங்கவில்லை.

"வாசிச்சுக் காட்டுங்கோ மிஸ்."

அவருக்கு நன்றாக வாசிக்கத் தெரியும். முழுவதையும் வாசித்தேன். கேட்டு முடித்துக் கையெழுத்து வைத்துவிட்டு மெசினுக்குப் போனார்.

கொள்கையைத் திரும்ப எழுதும்போது அவரையும் றெஜினா அக்காவையும் பக்கத்தில் கதிரை போட்டு இருத்தினேன். காலையிலும் பின்னேரமும் பத்து நிமிடம், புகைக்கிறவர் புகைக்காதவர், ஆண் பெண் எல்லாருக்கும். ஐஸ் அறைச் சுவரடியில் இருக்க வாங்குகளும் குடிக்கத் தேத்தண்ணியும். கேற்றுக்கு வெளியே கொட்டில், சோளகம் புகையை உள்ளே தள்ளாத பக்கத்தில். அந்தப் பக்கத்தைக் காட்டியவர் சந்தியோகு அண்ணை. எச்சரிக்கைப் படி மூன்றும் அதனதன் இடத்தில். ஒரு வரி மாறினாலும் கூட்டி வாசிக்கவேண்டும் என்று கடைசியில் எழுதச் சொன்னவர் றெஜினா அக்கா. அதன்பிறகு வேலிக்குள் ஒருவரும் பற்றவில்லை.

அடுத்த வருடம் விபூதிப் புதனுக்கு முதல்நாள் சந்தியோகு அண்ணை கந்தோருக்கு வந்தார். "நாளைக்கும் வாசிப்பீங்கள் தானே, மிஸ்?" என்று கேட்டார். வாசித்தேன். நாற்பது நாள் கொட்டில் வெறுமையாகக் கிடந்தது. தலைமைக் கந்தோர் அறிக்கை கேட்டது. நான் எழுதவில்லை. உயிர்த்த ஞாயிறு போய் இன்னும் ஒரு மாதம் பார்த்திருந்தேன். ஏழு பேரில் நான்கு பேர் கொட்டிலுக்குத் திரும்பினார்கள், சந்தியோகு அண்ணையும்தான். மூன்று பேர் திரும்பவில்லை. அந்த மூவரிடமும் போய் ஏன் என்று கேட்டேன். ஒருவர் தொண்டை என்றார். ஒருவர் தெரியாது என்றார். மற்றவர் சிரித்துவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போனார்.

உங்கள் வரைவைத் திருப்பி அனுப்புகிறேன். எச்சரிக்கைப் படிகளை வைத்திருக்கிறீர்கள், நல்லது. இடைவேளையைப் பற்றி ஒன்றுமே இல்லை, அதை உங்கள் ஆட்களிடம் கேட்டு எழுதுங்கள். எந்த நாளில் வாசிக்கப் போகிறீர்கள் என்பதையும் கேளுங்கள். உங்கள் பக்கத்தில் அந்த நாள் என்ன நாளோ, எனக்குத் தெரியாது.

என் இரண்டாவது அறிக்கை அரைப் பக்கம். அதில் கடைசி வரி: மூவர் விட்டுள்ளனர், காரணம் தெரியவில்லை. தலைமைக் கந்தோரிலிருந்து அழைத்து, அறிக்கையில் அப்படி எழுதக்கூடாது, ஒரு காரணத்தைப் போட்டுத் திரும்ப அனுப்புங்கள் என்றார்கள். நான் மாற்றவில்லை. இரண்டாவது எச்சரிக்கை வரும் என்று ஓய்வுபெறும் நாள் வரைக்கும் பார்த்திருந்தேன். வரவில்லை.